ஆளுக்கு ஆள் அணைந்த டார்ச்

டார்ச் லைட்டை மங்கலாக்கினால் வெளிச்சம் குறைகிறது என்று நாட்டில் பெரும்பாலானோர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தவறான எண்ணத்தை இன்றோடு ஒழித்துவிட வேண்டும். பல டார்ச்சுகளில் வெளிச்சம் குறைவதே இல்லை. உள்ளே இருக்கும் சிப், எல்.இ.டி.யை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. நம் கண்தான் ஏமாந்துபோய், ‘மங்கிவிட்டது’ என்கிறது.

அப்படிக் கண்ணை ஏமாற்ற புரோகிராம் எழுதுவதுதான் அம்பத்தூர் டார்ச் கம்பெனி ஒன்றில் நடனசிகாமணியின் உத்தியோகம். இரண்டு பட்டம் வாங்கியவர். சர்க்யூட் போடுவது பிலோமினா, சோதித்துப் பார்ப்பது காசிலிங்கம். ஒரு கண் ஆஸ்பத்திரி ஐநூறு பேனா டார்ச் கேட்டிருந்தது. மங்கலாக்கும்போது துளிகூட மினுக்கக் கூடாது. மினுக்கினால் மூன்று பேரும் அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவுக்குப் போகலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். நடனசிகாமணிக்குப் பசை வாடை ஒத்துக்கொள்ளாது.

மூன்று வாரம் உழைத்தார். நொடிக்கு இருபதாயிரம் தடவை அணைய வைத்தார். வெளிச்சம் படிக்கட்டில் இறங்காமல் சறுக்குமரத்தில் இறங்கியது. அப்போது ஆஸ்பத்திரி டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது: ‘ஒரு நிமிடம் டார்ச்சையே பாருங்கள். எத்தனை முறை இருட்டாகிறதோ, ஒன்று விடாமல் எழுதி வையுங்கள். வியாழக்கிழமை வருகிறேன்.’

ஒன்று விடாமல் எழுதினார்கள். காசிலிங்கத்துக்குப் பதினான்கு முறை இருட்டானது. நடனசிகாமணிக்குப் பதினைந்து. பிலோமினாவுக்கு இருபத்திரண்டு.

“ஒரே டார்ச்சு, ஆளுக்கு ஆள் எப்படி சார் மாறும்?” என்றார் பிலோமினா.

“உங்களைப் பார்த்துப் பயப்படுதோ என்னமோ, மேடம்,” என்றார் காசிலிங்கம்.

மூவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள்.

“இதோ, அணைஞ்சுது!” என்றார் பிலோமினா.

“எங்க? நல்லா எரியுதே. ஆங், இப்பத்தான் அணைஞ்சுது!”

“ரெண்டு தடவையும் எரிஞ்சுதேப்பா,” என்றார் நடனசிகாமணி. மூக்கில் பசை வாடை அடிப்பதுபோல் இருந்தது அவருக்கு.

படித்தவர் இல்லையா, கணக்குப் போட்டார். நிமிடத்துக்குப் பதினைந்து என்றால் நாலு நொடிக்கு ஒரு இருட்டு. நாலு நொடிக்கு ஒருமுறை வெளிச்சத்தைச் சட்டென்று முழுசாக ஏற்றினால் அந்தப் பள்ளம் நிரம்பிவிடும். அப்படியே எழுதினார். மறுபடி எண்ணினார்கள். மூவருக்கும் சரியாகப் பதினைந்து!

“பாத்தீங்களா? குறையலைன்னாலும் ஒரு ஒழுங்குக்கு வந்துருச்சு,” என்றார் நடனசிகாமணி.

வியாழக்கிழமை டாக்டர் திலகேஸ்வரி வந்து டார்ச்சை அழுத்தினார். நாலாவது நொடியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“என்ன சார் இது, மின்னல் வெட்டுது?”

“இருட்டை நிரப்புறோம் டாக்டர்.”

டாக்டர் பழைய புரோகிராமைப் போடச் சொன்னார். முழு வெளிச்சத்திலிருந்து கடைசி மங்கல் வரை இறக்கி ஏற்றிப் பார்த்தார். “பிரமாதமா இருக்கே. எங்க மினுக்குது?”

“ஏழு… எட்டு…” என்று பக்கத்தில் பிலோமினா எண்ணிக்கொண்டிருந்தார்.

டாக்டர் டார்ச்சை விட்டுவிட்டு பிலோமினாவின் முகத்தையே ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு சொட்டு மருந்தை எடுத்தார். “கண்ணு ரொம்பக் காஞ்சு கிடக்கும்மா. அதான் இப்படி இமையைக் கொட்டிக்கிட்டே இருக்கீங்க. இதைக் கண்ணுல விட்டுட்டு அப்புறம் பாருங்க.”

பிலோமினா விட்டுக்கொண்டு பார்த்தார். பத்தே முறைதான் இருட்டானது.

“இருபத்திரண்டு, பத்தாயிருச்சு!” நடனசிகாமணி உடனே எழுதி வைத்தார். “மூணு வாரமா புரோகிராமைப் போட்டுக் குடைஞ்சேனே!”

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “பழைய புரோகிராமே இருக்கட்டும். அதுல ஒரு எழுத்தை மாத்தாதீங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நடனசிகாமணி ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அடுத்த வாரம் ஐநூறு டார்ச்சும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு டார்ச், இரண்டு பேட்டரி, ஒரு புட்டி சொட்டு மருந்து இருந்தன.