பாப்பா ஸ்கூல் நின்ற ஜாமீன்

ஒரு பம்ப்செட் கம்பெனியின் சர்வருக்குள் வடிகட்டியார் என்று ஒருவர் இருந்தார். கம்பெனியில் வேலை செய்கிற முந்நூறு பேருக்கும் வருகிற மெயில் அத்தனையும் அவர் வாசலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கண்டதையும் சந்தேகப்படுவது அவர் வேலை. அதில் அவர் ஒரு குறையும் வைத்ததில்லை.

வாசலைத் தாண்டினால் ஆளுக்கொரு பெட்டி. பெட்டிக் கதவில், சொந்தக்காரர் தன் வசதிக்கு எழுதிவைத்த விதிகள் நிற்கும். ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் தெய்வானையின் கதவில் நின்ற ஒரு விதிக்குப் பெயர் 'பாப்பா ஸ்கூல்'. பெயர் வைத்தவளும் அவள்தான். மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒரு பள்ளிக்கு மனுப் போட்டிருந்தாள். இடம் கொஞ்சம், பிள்ளைகள் அதிகம், அதனால் குலுக்கல். பெயர் வந்தால் பள்ளியிலிருந்து மெயில் வரும், அன்று மாலை ஐந்துக்குள் பதில் போட்டாக வேண்டும். அந்தப் பள்ளியிலிருந்து எது வந்தாலும் எல்லாவற்றுக்கும் மேலே வைத்து மணியடிப்பது பாப்பா ஸ்கூலின் வேலை.

மூன்று வாரம் அது சும்மா நின்றது. பிறந்ததிலிருந்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லையே என்று அதற்கே கூச்சமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கடிதம் வந்தது. வடிகட்டியார் பிரித்துப் பார்த்தார்.

"வாழ்த்துகளாம், மூன்று புள்ளி. குலுக்கலில் தேர்வாம், நான்கு. இன்றே பதில் வேண்டுமாம், இரண்டு. அடியில் ஒரு இணைப்பு வேறு, அதற்கு ஒன்று. ஐந்தைத் தாண்டினாலே குப்பை. இது பத்து."

பாப்பா ஸ்கூலுக்கு அது கேட்டது. கதவில் நின்றபடியே குரல் கொடுத்தது.

"ஐயா, அது எங்கள் தெய்வானைக்கு வந்தது."

"என்னைத் தாண்டாதது யாருக்கும் வந்ததில்லை."

"அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாதே. போன வாரம் கார் பரிசு விழுந்திருக்கிறது என்று வந்தவனும் இப்படித்தான் வாழ்த்தினான். முந்நூறு பேருக்கு நான் ஒருத்தன், ஒவ்வொரு வீட்டுக் கதையும் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா? சந்தேக மெயில் கிடங்கில் போடுகிறேன். நாலு மணிக்குச் செங்கோடன் வந்து பார்ப்பான்."

செங்கோடன்தான் சர்வரைக் கவனித்துக்கொள்கிறவன்.

"அவர் வராவிட்டால்?"

"திங்கட்கிழமை வருவான்."

பாப்பா ஸ்கூலுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கள் சட்டத்தில் ஜாமீன் என்று ஒன்றுமே இல்லையா?"

வடிகட்டியார் புரட்டிப் பார்த்தார். இருந்தது. உள்ளே ஒரு விதி பொறுப்பேற்றால் சந்தேகக் குறி போட்டு விட்டுவிடலாம் என்று செங்கோடன் எழுதிவைத்திருந்தான். இத்தனை வருஷமாக யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"நாளைக்கு ஏதாவது ஆனால்?"

"என் தலையில் போடுங்கள்."

குறி வாங்கிக்கொண்டு கடிதம் உள்ளே நடந்து வந்தது. பாப்பா ஸ்கூல் சந்தோஷமாகக் கையை நீட்டியது. ஆனால் கதவில் விதிகள் நிற்பது எழுதப்பட்ட வரிசையில், மூத்தது முன்னால். அதற்கு முன்னால் இருந்த விதியின் பெயர் 'தொல்லை'.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரே நாளில் பதினொரு பரிசு மெயில் வந்து தெய்வானையின் உயிரை வாங்கியது. அன்று பல்லைக் கடித்துக்கொண்டு அவள் எழுதியது இது. குலுக்கல் என்று எங்கே கண்டாலும் அழி, கிடங்கெல்லாம் வேண்டாம், அப்புறம் யாரையும் கேட்காதே.

தொல்லை கடிதத்தைப் பார்த்தது.

"அண்ணே, விடுங்கள். அது பாப்பாவுடைய இடம்," என்றது பாப்பா ஸ்கூல்.

"எந்தப் பாப்பா?"

"தெய்வானையின் மகள்."

"என்னை எழுதியபோது அது பள்ளிக்கூடம் போகிற வயசில் இல்லையே."

"ஜாமீன் நின்றிருக்கிறேன்."

"வாசலில் நின்றிருக்கிறாய். என்னிடம் யாரும் சொல்லவில்லை," என்றது தொல்லை. அழித்தது. அதற்குக் கோபமோ வருத்தமோ இல்லை. கடிதம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பாப்பா ஸ்கூலுக்கு அழுகை வந்தது, ஆனால் அழச் சொல்லி யாரும் அதற்கு எழுதவில்லை.

குலுக்கல் முடிந்ததைக் கேள்விப்பட்டு ஐந்தேகாலுக்குத் தெய்வானை பள்ளிக்கு போன் போட்டுக் கேட்டாள். மெயில் அனுப்பினோம், பதில் இல்லை, அடுத்த பெயருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். அவள் நேராகச் செங்கோடன் மேஜைக்கு வந்தாள்.

"தம்பி, உன்ற வடிகட்டி எம்புள்ள சீட்டை முழுங்கிருச்சு."

செங்கோடன் பதிவைத் திறந்து பார்த்தான்.

"இல்லீங்க்கா. ரெண்டு மணிக்கே உள்ள விட்டிருக்குது. நாலு மணிக்குக் கிடங்கையும் பார்த்தனுங்க, உங்க பேர்ல ஒண்ணுமே இல்லீங்க."

"அப்ப உள்ள வந்ததை அழிச்சது யாரு? பேரு போட்டிருக்குமில்ல. சொல்லு, அவங்களை நான் கேட்டுக்கறேன்."

செங்கோடன் அழித்த விதியின் பெயரையும் அதை எழுதியவர் பெயரையும் படித்தான். திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.