பாதியில் நின்ற கெட்டிமேளம்

அம்பத்தூரில் ஒலிப்பெட்டி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்று. அதில் மூன்று மேதைகள். தலைவர் தெய்வசிகாமணி, கல்யாணமாகாதவர். பொத்தான் அழுத்துபவர் சாந்தப்பன். பாட்டைத் துண்டு துண்டாக எடுத்துப் பெட்டிக்கு ஊட்டுகிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். அதை எழுதுகிறவன் பூவேந்தன்.

பாட்டை நடுவில் நிறுத்தினால் என்ன செய்வது என்பதில்தான் சிக்கல். பூவேந்தன் முதலில் ஊட்டுவதை மட்டும் நிறுத்தினான். பெட்டி வாயிலிருந்த கடைசித் துண்டையே திரும்பத் திரும்ப மென்றது. அடுத்து அந்தத் துண்டைத் துப்ப வைத்தான். துப்பிய தாளம் எங்கே போய் விழுந்தது என்று மூவரும் மேஜைக்கு அடியில் தேடினார்கள்.

கடைசியில் தெய்வசிகாமணி சட்டம் போட்டார். "நிறுத்துன்னா இருக்கறத அப்படியே வெச்சுக்கோ. விட்ட இடத்துலேருந்து தொடங்கு. ஆனா நிறுத்தினவரே வந்து சொல்லணும்."

பூவேந்தன் இதை நிரலிலும் எழுதினான், மனசிலும் எழுதிக்கொண்டான்.

அவன் கல்யாணத்துக்கு மேளக்காரர் வேண்டாம், நம் பெட்டியே வாசிக்கட்டும் என்று முடிவாயிற்று. முகூர்த்தம் வந்தது. பெட்டி கெட்டிமேளம் கொட்டியது. பூவேந்தன் வஞ்சிக்கொடியின் கழுத்தில் முதல் முடிச்சைப் போட்டான்.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்றார் போட்டோகிராபர்.

சாந்தப்பன் பொத்தானை அழுத்தினார். மேளம் நின்றது, மாப்பிள்ளையின் கையும் நின்றது. போட்டோகிராபர் படத்தை எடுத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார்.

ஐயர் தொடரச் சொன்னார். நிறுத்தியது அவரில்லையே என்று சாந்தப்பன் பணிவாக மறுத்தார். பெண்ணின் அப்பா கும்பிட்டுக் கேட்டுப் பார்த்தார். அவருக்கும் அந்த அதிகாரம் இல்லை என்றார் தெய்வசிகாமணி. சாப்பாட்டுக் கூடத்துக்கு ஆள் ஓடியது. பாயசம் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று போட்டோகிராபர் சொல்லி அனுப்பினார். முகூர்த்தமோ கரைந்துகொண்டிருந்தது. பூவேந்தன் தாலிக்கயிற்றைப் பிடித்தபடியே இருந்தான், விரல் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து மாடி மண்டபத்தில் வேறொரு கல்யாணத்தின் கெட்டிமேளம் முழங்கியது.

வஞ்சிக்கொடி குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "அந்த மேளத்துக்குக் கட்டுங்க. இல்லேன்னா நான் எழுந்து போயிடுவேன்."

பூவேந்தன் மிச்ச இரண்டு முடிச்சையும் போட்டான். பெண்ணின் அப்பா அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். தெய்வசிகாமணிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. அடுத்தவர் மேளத்தில் இரண்டு முடிச்சு போட்டாயிற்று, அதைத் திருப்பித் தர வேண்டாமா? பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மாடியேறினார். பின்னால் சாந்தப்பன். பாயசம் முடித்த போட்டோகிராபரையும் கையோடு இழுத்துக்கொண்டு போனார்கள்.

"ம், தொடருங்க" என்றார் போட்டோகிராபர், கையைத் துடைத்தபடி.

மிச்ச மேளம் வெடித்துக் கிளம்பியது. கெட்டிமேளம் கேட்டால் அட்சதை போட வேண்டியதுதானே. மாடியிலிருந்தவர்கள் யாரென்றுகூடப் பார்க்காமல் வீசினார்கள். எல்லாம் தெய்வசிகாமணியின் தலையிலும் பெட்டியின் மேலும் விழுந்தது. போட்டோகிராபர் பழக்கதோஷத்தில், "ஒரு நிமிஷம் நிறுத்துங்க" என்று அதையும் படம் பிடித்தார். சாந்தப்பன் பொத்தானை அழுத்தினார்.

மேளம் ஆயிற்று, அட்சதை ஆயிற்று, படமும் ஆயிற்று. தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதில் தெய்வசிகாமணிக்குச் சந்தேகமே இல்லை. அன்றே பெட்டியை வீட்டுக்கு அழைத்துப் போனார். பெட்டிக்கு வலது கால் எது என்று வாசலில் வெகுநேரம் விவாதம் நடந்தது.

மறுநாள் காலை பூவேந்தனுக்குப் போன் வந்தது. தெய்வசிகாமணிதான் பேசினார்.

"நேத்துலேருந்து ஒரு வார்த்தை பேசல, பூவேந்தா. நானும் என்னென்னவோ அழுத்திப் பாத்துட்டேன்."

பூவேந்தன் சாத்திக் கிடந்த அறைக்கதவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். முகூர்த்தத்தில் கட்டச் சொன்னதுதான் வஞ்சிக்கொடி கடைசியாகப் பேசியது.

"இங்கயும் அதே கதைதான் சார்" என்றான். "போட்டோகிராபரக் கூப்பிடுங்க. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்தே வந்து சொல்லிட்டுப் போகட்டும்."