கீற்றுக்கு நேரே ஆடிய காடு

கோமளம் முட்டைக்குள் இருந்தபோதே ஒரு சத்தம் கேட்டாள். 'தொம்' என்று ஒரு தேங்காய் தரையில் மோதியது. அதன் பின்னாலேயே ஒரு காடு முழுவதும் சேர்ந்து கத்தியது. பிறந்த பிறகு எத்தனையோ மழையும் இடியும் கேட்டாள். அந்தத் 'தொம்' போல எதுவும் அவள் மனத்தில் நிற்கவில்லை.

கோமளம் ஓர் இருவாச்சிப் பறவை. அவள் கேட்டது இக்கரைக் காடும் அக்கரைக் காடும் ஆண்டுதோறும் மோதும் தேங்காய் ஆட்டத்தின் சத்தம்.

ஆற்றில் மிதந்து வரும் மட்டை உரிக்காத தேங்காய்தான் பந்து. அது விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அந்தத் தேங்காய்க்கே தெரியாது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிரியின் எல்லையாக அடுக்கிய கல் வரிசைக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும். தன் கூட்டத்தாருக்கு எறியலாம். ஆனால் பின்பக்கமாகத்தான் எறிய வேண்டும். முன்னால் எறிந்தால் குற்றம். தேங்காய் வைத்திருப்பவரைக் கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். கடிக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை ஒப்புக்கொள்ளாததால் சிறுத்தைக்கு இரண்டு அணியிலும் இடமில்லை.

விளையாட்டுத்தான். ஆனால் பந்தயம் விளையாட்டல்ல. ஆற்றின் நடுவே ஒரு திட்டு. திட்டில் ஓர் அத்திமரம். கோடையில் மற்ற மரங்கள் வெறுங்கிளையாய் நிற்கும்போது அது மட்டும் காய்த்துத் தள்ளும். பங்குனி ஆட்டத்தில் ஜெயித்த காட்டுக்கே அந்தக் கோடையின் பழமெல்லாம். தோற்ற காடு திட்டில் காலும் வைக்கக் கூடாது, சிறகும் வைக்கக் கூடாது.

இக்கரைக் காட்டில் ஆட்டம் அறிந்தவள் என்றால் அது கோமளம்தான். களத்தின் கிழக்கு ஓரத்தில் நிற்கும் நெடுமரத்தின் உச்சியில் உட்கார்ந்து அவள் ஒவ்வோர் ஆட்டத்தையும் பார்ப்பாள். யார் தோள் கொடுத்தார், யார் கால் சறுக்கினார், எந்த நேரத்தில் எந்தப் பக்கம் திறந்து கிடந்தது என்று பொழுது சாய்ந்ததும் சொல்வாள். அணித் தலைவனான காட்டெருமை ராக்கன் தலையைக் குனிந்து கேட்பான். அவள் புகழ்ந்தவர் அணியில் இருப்பார். அவள் பேரைச் சொல்லாதவர் களத்தின் மேற்கே உள்ள வேலிப்புதருக்கு அருகில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்.

அந்த ஆண்டு கோமளம் முட்டையிட்டாள். இருவாச்சிக் குலத்து வழக்கப்படி, அதே நெடுமரத்தின் பொந்துக்குள் புகுந்து, மண்ணும் எச்சமும் குழைத்து வாசலை அடைத்துக்கொண்டாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டாள். உள்ளே இருக்கும்போது அவள் பழைய சிறகு உதிர்ந்து புதிது முளைக்கும். குஞ்சு வளரும்வரை அவள் வெளியே வர முடியாது. அவள் கணவர் மாசிலாமணி பழம் கொண்டுவந்து கீற்று வழியாக ஊட்டுவார். திட்டின் அத்திதான் அந்தக் குடும்பத்தின் சோறு.

மாசியில் வெள்ளோட்டமாக ஓர் ஆட்டம் நடந்தது. கோமளம் கீற்றில் கண்ணை வைத்துப் பார்த்தாள். களத்தின் கிழக்கு ஓரம் தெரிந்தது. நடுவிலிருந்த கறையான் புற்று தெரிந்தது. அதற்கு மேற்கே ஒன்றும் தெரியவில்லை.

இக்கரை ஜெயித்தது. பொழுது சாய்ந்ததும் அணி மரத்தடியில் கூடியது.

"கரடி தொந்தியப்பன், சபாஷ்! மூணு பேரை ஒரே கட்டாக் கட்டிச் சாய்ச்சே. முயல் மின்னி, நீ வளைஞ்சு ஓடின ஓட்டம் ஓட்டம்! ராக்கா, உன் முட்டுக்கு இன்னும் பலம் வேணும், தாழக் குனி. முள்ளம்பன்றி எங்கேப்பா? ஆட்டம் முழுக்க நான் அவனைப் பார்க்கவே இல்லையே!" என்றாள் கோமளம்.

"இங்கேதான் இருக்கேன்மா. மேற்கு ஓரத்துல நின்னேன்" என்றான் முள்ளம்பன்றி குத்தூசி.

"நின்னா போதுமா? ஆட வேணாமா?"

உண்மையில் மேற்கு ஓரமாக வந்த அக்கரையார் அத்தனை பேரும் குத்தூசியின் முட்களைக் கண்டு திரும்பி ஓடியிருந்தார்கள். இதைச் சொல்லக் குத்தூசிக்கு வெட்கம். மற்றவர்களுக்கு ஞாபகம் இல்லை. ராக்கன் அவனை வேலிப்புதருக்கு அனுப்பிவிட்டான்.

எல்லாரும் போன பிறகு மாசிலாமணி கீற்றருகில் வந்து மெல்லக் கேட்டார். "கோமளம், உனக்கு அந்தப் புற்று வரைக்கும்தானே தெரியுது?"

"தெரிஞ்சா என்ன?"

"மேற்கே என்ன நடந்துச்சுன்னு நான் வேணா சொல்லட்டுமா? நான் வெளியிலதானே இருக்கேன்."

"ஆட்டம் தெரிஞ்சவளுக்குக் கீற்றே போதும்! நீங்க பழத்தைக் கொடுங்க."

அவர் பழத்தைக் கொடுத்தார். நல்ல கணவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

மறுநாள் ஆற்றங்கரையில் தொந்தியப்பன் வயிற்றைத் தடவிக்கொண்டே மின்னியிடம் ரகசியம் சொன்னான். கரடியின் ரகசியம் காடு பூராவும் கேட்கும்.

"ஏ மின்னி! அம்மா நம்மை ஏன் புகழ்ந்தாங்க தெரியுமா? நாம கீற்றுக்கு நேரே ஆடினோம். மேற்கே நீ சிங்கமா நின்னாலும் சுண்டெலிதான்!"

"அட, ஆமா!" என்றாள் மின்னி.

"அட, ஆமா!" என்று புதருக்குப் பின்னாலிருந்து காட்டுப்பன்றிகள் சொன்னார்கள்.

"அட, ஆமா!" என்று மரத்தின் மேலிருந்து மந்திகள் சொன்னார்கள்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ராக்கனும் தலையைத் தூக்கினான். தலைவன் அல்லவா? அவன் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. மனத்துக்குள் 'அட, ஆமா' என்று சொல்லிக்கொண்டான்.

பங்குனி வந்தது. பொந்துக்குள் முட்டை பொரிந்து, இறகில்லாத ஒரு குஞ்சு வாயைத் திறந்தபடி கிடந்தது. வெளியே பந்தயம் தொடங்கியது.

கீற்றில் கண்ணை வைத்த கோமளம் அசந்து போனாள். இப்படி ஓர் ஆட்டத்தை அவள் பார்த்ததே இல்லை! இக்கரை அணி முழுவதும் அவள் கண்ணெதிரே இருந்தது. தொந்தியப்பன் ஒருவனைத் தூக்கி அடித்துவிட்டுக் கீற்றை ஒரு தரம் பார்த்தான். மின்னி மூன்று முறை துள்ளினாள். ஒரு துள்ளலே போதும், மற்ற இரண்டும் அழகுக்கு. காட்டுப்பன்றிகள் தோளோடு தோள் கோத்து முட்டினார்கள், எதிரில் ஆள் இல்லாதபோதும்.

"தள்ளுடா, நான் நிக்கிற இடம் இது!"

"நீ மறைக்கிறே! அம்மாவுக்கு என் வால்தான் தெரியும்!"

"உன் வால் போதும், அதுதான் உன்னைவிட நல்லா ஆடுது!"

கோமளத்துக்கு மெய் சிலிர்த்தது. "பாருடா கண்ணே, என்ன வேகம், என்ன கட்டு!" என்று குஞ்சிடம் சொன்னாள். குஞ்சு பசிக்குக் கத்தியது.

அக்கரை அணித் தலைவனான கடமானிடம் தேங்காய் கிடைத்தது. அவன் எதிரே இருந்த கூட்டத்தைப் பார்த்தான். பிறகு தேங்காயைப் பின்னால் எறிந்தான். அதை வாங்கிய அக்கரைக் குரங்கும் பின்னால் எறிந்தது. அதை வாங்கிய கீரியும் பின்னால் எறிந்தது. தேங்காய் சாய்ந்து சாய்ந்து புற்றைத் தாண்டி மேற்கே போய் மறைந்தது.

கோமளம் சிரித்தாள். "பயந்துட்டாங்க! பின்னாடியே போறாங்க! இது தோக்கிறவன் ஆடுற ஆட்டம்!"

அதற்குப் பிறகு வெகுநேரம் கிழக்கே தேங்காயே வரவில்லை. அது இல்லாமலே இக்கரையார் ஒருவரை ஒருவர் கட்டிப் புரண்டார்கள். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பொழுது மலையைத் தொட்டது. எங்கிருந்தோ பெரிய கூச்சல் எழுந்தது.

"ஜெயிச்சாச்சு! என்னங்க, ஜெயிச்சாச்சா?"

மாசிலாமணி கீற்றின் முன் வந்து உட்கார்ந்தார். அவர் அலகில் பழம் இல்லை.

"இல்லை கோமளம்."

"என்ன இல்லை?"

"நாம இல்லை. அவங்க. எறும்புதின்னி ஒண்ணு, செதிலாண்டின்னு பேரு, அதுகிட்ட தேங்காய் போச்சு. அது அணைச்சுக்கிட்டு நடந்துச்சு. ஓடலை கோமளம், நடந்துச்சு. வழியில ரெண்டு தரம் நின்னு எறும்பு தின்னுச்சு. மேற்கே நம்ம ஆள் ஒருத்தரும் இல்லை."

அதற்குள் அணி மரத்தடிக்கு வந்துவிட்டது. தோல்வியின் வாட்டம் யார் முகத்திலும் இல்லை.

"அம்மா, என் கட்டு எப்படி?" என்றான் தொந்தியப்பன்.

"அம்மா, என் துள்ளல்?" என்றாள் மின்னி.

"தாழக் குனிஞ்சேம்மா, பார்த்தீங்களா?" என்றான் ராக்கன்.

கோமளம் யோசித்தாள். தொந்தியப்பனிடம் குறை இல்லை. மின்னியிடம் குறை இல்லை. ராக்கன் தாழத்தான் குனிந்தான். ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தால் எல்லாரும் பிரமாதம்.

"அப்புறம் ஏன் தோத்தோம்?" என்று அவள் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஆனால் அது எல்லார் காதிலும் விழுந்தது.

கூட்டத்தின் கடைசியிலிருந்து குத்தூசி தொண்டையைச் செருமினான். "அம்மா, அந்தச் செதிலாண்டி என் பக்கமாத்தான் போனார்."

"நீ பார்த்தியா!" என்று ராக்கன் பாய்ந்தான். "பார்த்துக்கிட்டு என்னடா செஞ்சே?"

"'அண்ணே, கல் வரிசை எந்தப் பக்கம்?'னு கேட்டார். 'நேரே போங்க, பள்ளம் இருக்கு, பார்த்து'ன்னேன்."

"வழி சொன்னியா!"

"நான்தான் ஆட்டத்திலேயே இல்லையே, தலைவரே! வழி கேட்டவருக்குச் சொல்லாம இருக்கலாமா?"

தொந்தியப்பன் தரையைப் பார்த்தான். மின்னி காதை மடக்கிக்கொண்டாள்.

"அவன் ஆட்டத்தில் இல்லைன்னு சொன்னது நான்தான்" என்றது கீற்றுக்குள்ளிருந்து வந்த குரல். "நான் அவனைப் பார்க்கலை. பார்க்கலைன்னு சொல்லியிருக்கணும். ஆடலைன்னு சொல்லிட்டேன். போங்கப்பா, போய்த் தூங்குங்க."

கரடிக்குக் கிழங்கு உண்டு. முயலுக்குப் புல் உண்டு. அத்தி போனதில் அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் அந்தப் பொந்துக்குத்தான்.

மறுநாளிலிருந்து மாசிலாமணி மலைக்கு அப்பால் பறந்தார். விடியும்போது போனால் இருட்டும்போதுதான் வந்தார். ஒரு நாள் நாலு பழம் இருந்தது. ஒரு நாள் ஒரு பல்லி. ஒரு நாள் ஒன்றுமில்லை. "அங்கே நல்ல காத்து" என்று மட்டும் சொல்வார். கோமளம் தன் பங்கைக் குஞ்சுக்கே கொடுத்தாள். குஞ்சின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. கத்தாத குஞ்சின் மௌனத்தைவிடப் பயங்கரமானது ஒரு தாய்க்கு இல்லை.

ஒரு நாள் காலை அவள் உள்ளிருந்து சுவரைக் கொத்தத் தொடங்கினாள்.

"கோமளம்! காலம் வரலையே! உன் சிறகு இன்னும் முழுசா முளைக்கலை!" என்று பதறினார் மாசிலாமணி.

"ஒரு அலகு கொண்டு வர்றது போதலை. ரெண்டு அலகு வேணும்."

"குலத்து வழக்கம்..."

"குஞ்சு இருந்தாத்தான் குலம். தள்ளி நில்லுங்க."

காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. அவள் கிளையில் வந்து நின்றாள். வெளிச்சத்துக்குக் கண் கூசியது. பிறகு களம் தெரிந்தது. எவ்வளவு பெரிய களம்! புற்றுக்குக் கிழக்கே புல் முழுவதும் மிதிபட்டு மண்ணாகக் கிடந்தது. மேற்கே அதேயளவு புல் இடுப்புயரம் நின்றது. அதன் நடுவே ஒரே ஒரு தடம், ஓர் எறும்புதின்னியின் அகலத்துக்கு, நேராகக் கல் வரிசைவரை போயிருந்தது.

அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கணவரோடு சேர்ந்து வாசலை மறுபடி பூசி, குஞ்சைப் பத்திரப்படுத்திவிட்டு, பாதிச் சிறகோடு மலைக்கு அப்பால் கிளம்பினாள். வழியில் எத்தனையோ கிளைகளில் இறங்கி இளைப்பாற வேண்டியிருந்தது. ஆனாலும் பழத்தோடு திரும்பினாள். அடுத்த நாளும் போனாள்.

பிறர் ஆட்டத்தை எடைபோடுகிறவர் தன் கண்ணுக்கு எட்டாத இடமும் களம்தான் என்பதை மறந்தால், நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டே தோல்வியை உண்டாக்கிவிடுவார்.

குஞ்சு பிழைத்தது, மற்றப் பறவைகளின் குஞ்சுகளெல்லாம் பறந்துபோன பிறகு, ஆடியில் ஒரு நாள் தானும் பறந்தது, ஆனால் அது கடைசிவரை சிறிய பறவையாகவே இருந்தது.