மயிலிக்கு வாங்கிய வயிற்றுவார்

குதிரையின் வயிற்றில் கட்டுகிற வார் ஒன்று வாங்கணும் என்றால், கடைக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போவீர்கள்? குதிரையைத்தானே? அங்கேதான் நீங்களும் சொட்டாங்குளத்துக்காரர்களும் பிரிகிறீர்கள்.

சொட்டாங்குளத்தில் இருந்தது ஒரே ஒரு குதிரை. மட்டக்குதிரைதான். பெயர் மயிலி. அதற்கு ஒரு சேணமும் உண்டு. சேணம் நழுவாமல் இருக்க வயிற்றைச் சுற்றி ஒரு வார் கட்டுவார்கள் இல்லையா, அது எப்போதோ இற்றுப்போய், அந்த வேலையை ஒரு தேங்காய்நார்க் கயிறு பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கயிற்றை நம்பித்தான் சூலப்பன் பெண் பார்க்கக் கிளம்பினான்.

சூலப்பனுக்கு முப்பத்தாறு வயது. பதினோரு வீட்டில் பெண் பார்த்து, பதினோரு வீட்டிலும் பலகாரத்தோடு சரி என்று திரும்பியவன். பன்னிரண்டாவது மேலப்பொட்டல் பவுனுத்தாயி. ஊர் எல்லை வரைக்கும் நிமிர்ந்துதான் உட்கார்ந்து போனான். அப்புறம் கயிறு தளர்ந்தது, சேணம் சுழன்றது. பெண் வீட்டு வாசலில் மயிலி வந்து நின்றபோது மாப்பிள்ளை அதன் வயிற்றுக்கு அடியில் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தான். தொங்கியபடியே எல்லோருக்கும் வணக்கம் வேறு சொன்னான்.

பவுனுத்தாயி சிரிப்பை அடக்க முடியாமல் கதவுக்குப் பின்னால் ஓடினாள். ஓடிய வேகத்தில் திரும்பி வந்து, "தலைகீழா ஆனாலும் விடாம வந்து சேர்ந்துட்டாரே, எனக்கு இவரே போதும்ப்பா" என்றாள்.

அவள் அப்பா கருத்தணன் சிரிக்கவில்லை. "கல்யாணத்தன்னிக்கு மாப்பிள்ளை மேலே உட்கார்ந்து வரணும். கீழே தொங்கிட்டு வந்தா, தொங்கினபடியே திரும்பிப் போயிரணும். பத்தரைக்கு முகூர்த்தம். சொல்லிட்டேன்" என்று தட்டை மாற்றினார்.

நடந்தே போனால் ஒரு தொல்லையும் இல்லை. மேலப்பொட்டல் ரெண்டு கல் தூரம்தான். ஆனால் ஊரில் குதிரை இருக்கும்போது மாப்பிள்ளை நடந்து போவதாவது! சூலப்பனின் பன்னிரண்டாவது பெண்ணும் போய்விடக் கூடாது, ஊர் மானமும் போய்விடக் கூடாது என்று, தலைவர் வீரக்கண்ணு வார் வாங்க ஒரு குழு போட்டார். குழுவுக்கு அவரே தலைவர். யோசனை சொல்ல ஒச்சு. மூன்றாவது ஆள் மொக்கையன். அவரை எதற்காகவும் சேர்க்கவில்லை; பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், எழுப்ப முடியவில்லை, அவ்வளவு கனம்.

முதல் வேலை, அளவெடுப்பது. காலையில் ஒரு கயிற்றால் மயிலியைச் சுற்றி அளந்து முடிச்சுப் போட்டார்கள். புல் தின்ற பிறகு அளந்தால் முடிச்சு எட்டவில்லை.

"குதிரை வளருதுங்க தலைவரே" என்றார் ஒச்சு.

"ஒரே காலையிலயா?"

"நல்ல புல்லு."

அப்புறம்தான் கவனித்தார்கள், மயிலி மூச்சை இழுத்தால் வயிறு பெருக்கிறது, விட்டால் சிறுக்கிறது.

"இதுல எது அதோட சொந்த வயிறு?" என்று கேட்டார் தலைவர்.

வார் வாங்கிக் கட்டி முடிக்கிற வரைக்கும் மயிலி மூச்சு விடக்கூடாது என்று குழு தீர்மானம் போட்டது. தீர்மானத்தை மயிலியின் காதில் வாசித்தார்கள். அது வாசித்தவர் துண்டைத் தின்றது.

மத்தியானம் சூலப்பன் வந்தான். "அண்ணே, அளவுக் கயிறைக் குடுங்க, கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு ஓடுது" என்றான்.

"கயித்தைக் குடுத்துட்டா அளவு போயிருமே!" என்றார் தலைவர்.

ஒச்சு கண்ணை மூடி யோசித்தார். பிறகு கயிற்றை எடுத்து மொக்கையன் வயிற்றைச் சுற்றிப் பார்த்தார். முடிச்சு அச்சாகப் பொருந்தியது. "தலைவரே, மயிலியும் மொக்கையனும் ஒரே அளவு! கயிறு கன்னுக்குட்டிக்குப் போகட்டும். கடைக்கு மொக்கையன் போகட்டும்."

"எனக்கும் அது தோணுச்சு" என்றார் தலைவர். அவருக்கு எப்போதும் இரண்டாவதாகத்தான் தோன்றும்.

டவுனுக்கு நடந்தார்கள். நடக்க நடக்க மொக்கையனுக்குப் பசித்தது. பசித்தால் வயிறு ஒட்டுமே, அளவு கெட்டுவிடுமே! கண்ணில் பட்ட கடையிலெல்லாம் இட்லி வாங்கிக் கொடுத்து அளவைக் காப்பாற்றினார்கள். மொக்கையன் தன் கடமையை ஒரு முறைகூடத் தட்டிக்கழிக்கவில்லை.

சேணம், கடிவாளம் தைக்கிறவர் மஸ்தான் பாய். "வாங்க வாங்க. குதிரை எங்கே?" என்றார்.

"இதோ" என்று மொக்கையனைக் காட்டினார் தலைவர்.

பாய் மொக்கையனைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வியாபாரி இல்லையா, தொழிலுக்கு வேண்டியதை மட்டும் கேட்டார். "எத்தனை வயசு?"

"நாப்பத்தி ரெண்டு."

"குதிரைக்கு அது ரொம்ப அதிகம்" என்று சொல்லி வார்களை எடுத்துப் போட்டார்.

முதலில் ஒரு ஒடுக்கமான தோல்வார். மொக்கையன் கட்டிப் பார்த்து, "அறுக்குது" என்றார். அடுத்தது சணல். "அரிக்குது." மூன்றாவது நாலு விரல் அகலம், உள்பக்கம் மெத்தென்று பஞ்சு வைத்துத் தைத்தது, ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் வரிசையாக ஓட்டை. மொக்கையன் முகம் மலர்ந்தது. "இதைக் கட்டிக்கிட்டுத் தூங்கலாம்."

"நின்னா சுகமா இருக்கும்ப்பா. நாலு கால்ல நின்னா எப்படி இருக்கும்?" என்றார் ஒச்சு.

நியாயமான கேள்வி. மொக்கையன் கடைவீதியில் கையை ஊன்றி நின்றார். சுமை ஏறினால் எப்படி என்று பார்க்கத் தலைவர் அவர்மேல் ஏறி உட்கார்ந்தார். கடைவீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். எங்கும் உறுத்தவில்லை.

பாய் பாவம், தொழில் தர்மத்தை விடாமல் சொன்னார்: "கட்டின உடனே ரெண்டு விரல் உள்ளே நுழையணும். அதை மறந்துராதீங்க. கட்டும்போது குதிரை வயித்தை உப்பிக்கும், அதனால கொஞ்சம் நடத்திட்டு மறுபடி பாருங்க. குதிரைக்குச் சுகமா இருக்கான்னு அப்பப்போ கவனிங்க. அதுக்கு வாய் இல்லை பாருங்க."

இந்தக் கடைசிப் பேச்சு ஒச்சுவைப் பிடித்து உலுக்கிவிட்டது. "வாய் இல்லாததுக்கு வார் இறுக்கிப் பிடிச்சா யார் சொல்றது? தலைவரே, வார் ரெண்டா வாங்குவோம். ஒண்ணு மயிலிக்கு. ஒண்ணு மொக்கையனுக்கு. வயிறும் ஒரே அளவு, வாரும் ஒரே மாதிரி. மயிலிக்குப் பிடிக்கிறப்ப மொக்கையன் சொல்லிருவான்!"

பாய் எழுந்து உள்ளே போனார். சிரிக்கப் போனாரா அழப் போனாரா தெரியாது. இரண்டாவது வாரோடு திரும்பி வந்தார்.

கல்யாண நாள் காலை. மயிலிக்குச் சேணம் போட்டு ஒரு வார், மொக்கையனுக்கு வேட்டிமேல் ஒரு வார். இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின. பாருங்கள், வாரில் ஒரு குறையும் இல்லை. முகூர்த்தத்துக்கு நேரம் நிறைய இருந்தது. சூலப்பன் பட்டு வேட்டியோடு ஏறி உட்கார்ந்தான்.

"ரெண்டு விரல் நுழையணும்னாரே, யாரோட விரல்?" என்றார் தலைவர்.

தலைவரின் விரல் வாழைப்பழம் மாதிரி. சூலப்பன் விரலில் மோதிரம். கடைசியில் ஒச்சுவின் இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தேர்வாயின. சுகமாக நுழைந்தன.

"சரி, கிளம்பலாம். எடுத்துரட்டுமா?" என்றார் ஒச்சு.

"எடுக்கச் சொன்னாரா பாய்?"

ஒச்சு யோசித்தார். நுழையணும் என்றுதான் சொன்னாரே தவிர, எடுக்கச் சொல்லவே இல்லை. விரலை உள்ளே வைத்தபடியே மயிலியோடு நடந்தார். அது ஓடினால் ஓடினார். அது நின்று ஒன்றுக்குப் போனபோது நாசூக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாதி வழியில் மேலப்பொட்டல்காரர்கள் மாப்பிள்ளை ஊர்வலத்துக்காகப் பந்தல் போட்டு வடையும் பானகமும் வைத்திருந்தார்கள். சூலப்பன் பயத்தில் எதையும் தொடவில்லை. "போதும் அண்ணே, பத்தரை அண்ணே" என்று மேலிருந்து புலம்பிக்கொண்டே இருந்தான். மொக்கையன் பதினெட்டு வடை தின்றார். நாலு அடி நடந்தார். நின்றுவிட்டார்.

"தலைவரே, வார் பிடிக்குது."

"நிறுத்துங்கப்பா! மயிலிக்குப் பிடிக்குதாம்!"

உடனே ஓடிப்போய் மயிலியின் வாரில் ஒரு ஓட்டை தளர்த்தினார்கள்.

"இப்ப எப்படிப்பா?"

"இன்னும் பிடிக்குது."

இன்னொரு ஓட்டை தளர்த்தினார்கள். மொக்கையன் தலையாட்டவில்லை. மூன்றாவது ஓட்டை.

"ஒச்சு, ரெண்டு விரல் நுழையுதா?"

"ரெண்டென்ன தலைவரே, முழங்கை வரைக்கும் நுழையுது!"

"ரெண்டுக்கே பாய் அவ்வளவு சொன்னாரு. முழங்கைன்னா இன்னும் விசேஷம்" என்று தலைவர் பூரித்தார்.

"அண்ணே, சேணம் ஆடுது அண்ணே" என்றான் சூலப்பன்.

"உனக்கு ஆடலாம்ப்பா. குதிரைக்கு உறுத்தக் கூடாது" என்றார் தலைவர்.

மொக்கையன் ஓர் ஏப்பம் விட்டார். "ஆங், இப்ப சுகமா இருக்கு" என்றார். மூன்று ஓட்டை தளர்த்தியது வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் பெருத்த நிம்மதி.

அந்த நிம்மதி மேலப்பொட்டல் வாய்க்கால் வரைக்கும் நீடித்தது. வாய்க்காலை மயிலி ஒரு எட்டு எட்டித் தாண்டியது. சேணம் சுழன்றது. பட்டு வேட்டியோடு சூலப்பன் பழைய இடத்துக்கே போய்விட்டான். எதிரே வாழைமரம் கட்டின கல்யாணப் பந்தல் தெரிந்தது. சூலப்பனுக்குத் தலைகீழாகத் தெரிந்தது.

"அண்ணே!" அவன் தொங்கியபடியே கத்தினான். "இதோட பன்னிரண்டு அண்ணே. பதின்மூணாவதா பார்க்க இந்தச் சுத்துவட்டாரத்துல பொண்ணே இல்ல அண்ணே. மேளம் கொட்டுறாங்க, ஏதாவது செய்யுங்க!"

குழு சாலையோரம் கூடியது.

"மாப்பிள்ளை கீழே இருக்காரு. மேலே வரணும்" என்று நிலைமையை விளக்கினார் தலைவர்.

"அதுக்குக் குதிரையைத் திருப்பிப் போட்டாப் போதும்" என்றார் ஒச்சு. "அது கீழே போனா இவர் தானா மேலே வந்துருவாரு."

மயிலியிடம் பணிவாகக் கேட்டுப் பார்த்தார்கள். அது காதை ஒரு முறை ஆட்டியது, அவ்வளவுதான். காலைப் பிடித்துத் தூக்கப் பார்த்ததில் தலைவர் வாய்க்காலில் விழுந்தார்.

சூலப்பனை இறக்கி, மயிலியின் வாரை இறுக்கி, மறுபடி மேலே ஏற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒச்சுவும் அதைச் சொல்லத்தான் செய்தார். "இறுக்கினா மொக்கையனுக்குப் பிடிக்குமே!" என்று தலைவர் தண்ணீருக்குள்ளிருந்தே மறுத்துவிட்டார்.

கடைசியில் வழி காட்டியது மொக்கையனின் வார்தான். அது மட்டும் இன்னும் இறுக்கமாக, பொருத்தமாக, கடைவீதியில் சுமையோடு சோதித்துப் பார்த்தபடியே இருந்தது! சூலப்பனை இறக்கி, சேணத்தைக் கழற்றி மொக்கையன் முதுகில் வைத்தார்கள். கொக்கி மாட்டினார்கள். ஒச்சு இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். சரியாக இரண்டு.

பத்தரைக்குப் பந்தல் வாசலில் ஊர்வலம் வந்து நின்றது. முன்னால் மொக்கையன் நாலு காலில், அவர்மேல் சூலப்பன் நிமிர்ந்து, பக்கத்தில் விரலோடு ஒச்சு, ஈர வேட்டியோடு தலைவர். எல்லோருக்கும் பின்னால் மயிலி, யாருக்கோ கல்யாணம் போல என்று வாழைத்தாரைத் தின்றுகொண்டு வந்தது.

மேளம் நின்றது. கருத்தணன் வந்து பார்த்தார். மேலே பார்த்தார். குனிந்து கீழே பார்த்தார். ஒருவரும் தொங்கவில்லை.

"மேலே உட்கார்ந்து வரணும்னு சொன்னேன்" என்றார் மெதுவாக. "எதுக்கு மேலேன்னு நான் சொல்லலை. தப்பு என்மேலதான். தாலியை எடுங்க."

கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் மொக்கையனின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, "நல்ல வளர்ப்பு. உதைக்குமா?" என்று கேட்டார்.

தாலி கட்டி முடிந்தது. பவுனுத்தாயி சிரித்த சிரிப்பில் குங்குமம் மூக்கில் இறங்கியிருந்தது. பொண்ணு மாப்பிள்ளையைப் பந்தியில் உட்கார்த்தினார்கள். எதிர் வரிசையில் மொக்கையன், வாரைக் கழற்றாமலே, மூன்றாவது முறை சோறு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஒச்சு இடது கை விரலை அவர் வாரில் விட்டுக்கொண்டு வலது கையால் சாப்பிட்டார்.

பவுனுத்தாயி அக்காவிடம் இரவல் வாங்கின ஒட்டியாணம் போட்டிருந்தாள். பாயசம் உள்ளே போனதும் அது இடுப்பைக் கவ்வியது. புருசன் காதருகே குனிந்து முதன்முதலாக ஒரு வார்த்தை பேசினாள்: "ஏங்க, பிடிக்குதுங்க. கொஞ்சம் தளர்த்தி விடுங்களேன்."

கட்டினவள் கேட்கிற முதல் உதவி! சூலப்பன் எச்சில் கையோடு துள்ளி எழுந்தான். இலையைத் தாண்டி, வரிசையைத் தாண்டி, எதிர்ப்பக்கம் ஓடினான்.

"மொக்கையண்ணே, கொஞ்சம் எந்திரிங்க அண்ணே. பவுனுக்குப் பிடிக்குதாம். உங்க வாரை ஒரு மூணு ஓட்டை தளர்த்தி விட்டுருங்க!"