எரிமலைக் குழு ஆறாவது ஆல்பம் போட்ட கதை

கிதார் பிடிக்கிறவனுக்கு மூளை இருந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எரிமலைக் குழு அதற்கும் கட்டுப்பட்டிருக்கும். சட்டத்தை மதிப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

அரைக்கால்பட்டியில் கிளம்பிய ராக் குழு அது. ஐந்து பேர். பாடுகிறவர் ஏகாம்பரம், குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். கிதாருக்குச் சூசை, பேஸ் கிதாருக்கு வேலாண்டி, கீபோர்டுக்குத் தனுஷ்கோடி, டிரம்ஸுக்குப் பிச்சைக்கண்ணு. முதல் இரண்டு ஆல்பங்களிலும் "பூட்டை உடை, தடையை மீறு" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கேட்ட பையன்கள் நாற்காலிகளை உடைத்தார்கள். பாடியவர்களோ மேடையை விட்டு இறங்கியதும் போலீஸ் அனுமதிக் கடிதத்தை லேமினேஷன் போட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்தினார்கள்.

மூன்றாவது ஆல்பத்தின்போது கேசட் கம்பெனி மேனேஜர் கோதண்டம், "டிரம்ஸ் சத்தம் பாட்டை அமுக்குது, கொஞ்சம் தள்ளி வைங்க" என்றார். பிச்சைக்கண்ணுவை இரண்டு மைல் தள்ளி ஒரு கல்குவாரியில் உட்கார வைத்தார்கள். அவர் அடித்தது கேசட்டில் விழவில்லை. குவாரித் தொழிலாளிகளுக்கு மட்டும் கேட்டது. வெடி வைக்கிறார்கள் என்று நினைத்து ஓடினார்கள்.

நான்காவதற்கு, "ரசிகர்கள் எதிர்பார்க்காததைக் கொடுங்க" என்றார் கோதண்டம். குழு கூடி யோசித்தது.

"டப்பாவைத் திறக்கிறவன் உள்ள என்னடா எதிர்பார்ப்பான்?" என்றார் ஏகாம்பரம்.

"கேசட்டைத்தான்ணே" என்றான் சூசை.

"அப்ப அது இருக்கக் கூடாது."

டப்பாவுக்கு இரண்டு வெண்டைக்காய் வைத்தார்கள். சென்னை விமர்சகர் ஒருவர் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு, "குழு முதிர்ச்சி அடைந்துவிட்டது" என்று எழுதினார். ஐந்தாவது ஆல்பத்தில் மறுபடியும் கேசட்டையே வைத்தார்கள். குழம்புக்கு ஆகாது என்று ஒருவரும் வாங்கவில்லை.

கோதண்டத்துக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "பன்னிரண்டு ஊர் சுற்றுப்பயணம். கடைசி ஊரில் எடுக்கும் நேரடிப் பதிவுதான் ஆறாவது ஆல்பம். ஏதாவது ஓர் ஊரில் கச்சேரி நின்றுபோனால் எரிமலை என்ற பெயர் கம்பெனிக்குச் சொந்தம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். போட்டவர் ஏகாம்பரம். அந்தப் பெயர் போய்விட்டால் அவர் மைத்துனனின் மாவு மில்லில் மூட்டை தூக்குகிற வெறும் ஏகாம்பரம்.

பதினோரு ஊர் எப்படியோ முடிந்தது. பன்னிரண்டாவது சாத்தன்குறிச்சி. அங்கே இரண்டு கட்சிக்காரர்கள் ஒரே கம்பத்தில் கொடி ஏற்றப் போய், மண்டைகள் உடைந்து, 144 தடை உத்தரவு. அந்த உத்தரவை என்ன செய்ய வேண்டும் என்று முதுகில் லத்தித் தழும்பு உள்ள எவனும் சொல்வான். மீற வேண்டும், வேனில் ஏற வேண்டும், மண்டபத்தில் அடைத்தால் பொழுது சாயும்வரை கோஷம் போட வேண்டும். இவர்கள் ஸ்டேஷனுக்குப் போய் விளக்கம் கேட்டார்கள்.

"அஞ்சு பேர் ஒரே எடத்துல கூடக் கூடாது. நாலு பேர்னா சட்டம் ஒண்ணும் சொல்லாது. எடத்தைக் காலி பண்ணுங்கய்யா" என்று விரட்டினார் இன்ஸ்பெக்டர்.

கல்யாண மண்டபத்தின் மேடையில் நின்று தங்களையே எண்ணினார்கள். நல்லவேளை, சரியாக எண்ணினார்கள். ஐந்து.

"ஒருத்தன் போயாகணும்" என்றார் ஏகாம்பரம்.

"பிச்சைக்கண்ணு போகட்டும். ரெண்டு கை, ரெண்டு காலுன்னு நாலையும் ஆட்டுறான். அவன் ஒருத்தனே கூட்டம் மாதிரி" என்றான் தனுஷ்கோடி.

"பன்னெண்டு வருஷம்டா! குவாரியில உக்காருன்னீங்க, உக்காந்தேன். இப்ப போன்னா?" என்று அழுதார் பிச்சைக்கண்ணு. தீர்மானம் நிறைவேறிவிட்டது. அவர் நேராக வாசலுக்குப் போனார், ஒரு டிக்கெட் வாங்கினார், உள்ளே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

மறுபடி ஐந்து.

வேலாண்டி பேஸ் கிதாரைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனான். பாட்டை ஆரம்பிக்கலாம் என்று சூசை கம்பியில் கை வைத்தபோது நூல் மில் தொழிலாளி மாசானம் இருமிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். இருபது வருடம் பஞ்சுத் தூசி தின்ற நெஞ்சு. அவர் கணக்குக்குத் தனுஷ்கோடி இறங்கினான். அடுத்து பூக்காரி செல்லக்கிளி வந்தாள், சூசை இறங்கினான்.

"நான் உள்ள வந்தா ஒருத்தன் எறங்கி ஓடுறான். ஏய்யா, எம் மூஞ்சி அப்படியா இருக்கு?" என்றாள் செல்லக்கிளி.

போலீஸ்காரர் ஒருவர்கூட அந்தப் பக்கம் வரவில்லை. தேவையும் இல்லை.

மேடையில் ஏகாம்பரம் மட்டும். மைக்கைப் பிடித்து வாயைத் திறந்தார். பதிவுக் கருவியோடு கோதண்டம் உள்ளே நுழைந்தார்.

"சார், வெளிய நில்லுங்க! உங்களோட அஞ்சு!"

"நான் உள்ள வராம எப்படிய்யா பதிவு பண்றது?"

ஏகாம்பரம் கீழே பார்த்தார். "உங்கள்ல ஒருத்தர் எழுந்து போறீங்களா? எம் பேரு போயிடும்மா."

"டிக்கெட் வாங்கியிருக்கோம்ல? நீ போ" என்றாள் செல்லக்கிளி.

பெயரா, சட்டமா என்று ஒரு நிமிடம் நின்றார். பிறகு "தடையை மீறு" பாடிய அந்த மனிதர், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கோதண்டம் கருவியை ஓடவிட்டு, காலி மேடையைப் பார்த்தார். "கச்சேரி நின்னுபோச்சா? அப்ப பேரு எங்களுது."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார். ஆரம்பிக்காதது எப்படி நிக்கும்?" என்றார் பிச்சைக்கண்ணு.

கோதண்டம் ஒப்பந்தத்தை இரண்டு தரம் படித்தார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நாலு பேரும் முக்கால் மணி நேரம் காலி மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மாசானம் இருமினார்.

அப்படியே ஆறாவது ஆல்பம் வெளிவந்தது. முன்னால் வந்த ஐந்தும் சேர்ந்து விற்றதைவிட அது ஒன்றே அதிகம் விற்றது. மில் முதலாளிக்கு இருபது வருடமாகக் காதில் விழாத இருமலைக் காசு கொடுத்துக் கேட்டார்கள். "இருமுகிறவர் யார்? அவர் இல்லாமல் எங்கள் ஊருக்கு வர வேண்டாம்" என்று கடிதங்கள் குவிந்தன. பிச்சைக்கண்ணுவைத் திரும்பச் சேர்த்து, தலைவராகவும் ஆக்கி, குழு மாசானத்தைத் தேடிப் போனது.

"மில்லுல இருமுனா மேஸ்திரி வெரட்டுவான். நீங்க கூப்பிடுறீங்க. வர்றேன்" என்றார் அவர்.

மைக் ஒன்றுதான் இருந்தது, அதை மாசானத்திடம் கொடுத்துவிட்டார்கள். ஏகாம்பரம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "குழுவுக்குப் பேரு வச்சவன்டா நான்! பாட்டு வேணாம்னா விடுங்க. நானே இருமுறேன்!"

ஒரு வாரம் தவணை கொடுத்தார்கள். தினமும் ஈரத் தலையோடு படுத்தார். காலையில் ஐஸ், மதியம் புளித்த தயிர். எட்டாம் நாள் குழுவின் முன்னால் நின்று, கண்ணில் நீர் முட்ட, விலா எலும்பு குலுங்க, பத்து நிமிடம் விடாமல் இருமினார்.

குழு தனியாகப் போய்க் கலந்து பேசிவிட்டு வந்தது. பிச்சைக்கண்ணு அவர் தோளில் கை வைத்தார்.

"நல்லாத்தான் இருமுறீங்கண்ணே. ஆனா அதுல ராகம் வந்துடுது."