பத்து ஆம்பளை வேணும்

குடும்ப நல அதிகாரி குலசேகரன் மேஜையைத் தட்டினார்.

"எப்பப் பார்த்தாலும் பொம்பளைங்களையே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டு வர்றியேம்மா! வெள்ளிக்கிழமை முகாமுக்குப் பத்து ஆம்பளை வந்தாகணும். இல்லேன்னா உன்னை மலைக் கிராமத்துக்கு மாத்திடுவேன்."

கிராம நர்ஸ் சண்முகக்கனி தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக வெளியே வந்தாள். ஆண்களுக்குப் பத்து நிமிஷ வேலைதான் என்று சொல்லிச் சொல்லியே அவள் தொண்டை வறண்டுபோயிருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் புருஷன் கொல்லைப்பக்கமாக நழுவுவான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்டாட்டிதான் கிளம்புவாள்.

வெள்ளிக்கிழமை முகாமில் சரியாகப் பத்து ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

"எப்படிம்மா சாதிச்சே?"

"ஐயா முதல்ல பண்ணிக்குவார், அவர் நல்லபடியா எழுந்து நடந்தா நீங்களும் பண்ணிக்கோங்கன்னு சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க. உள்ள வாங்கய்யா, டாக்டர் காத்திருக்கார்."

அதிகாரிக்கு வியர்த்துவிட்டது. "எனக்கெதுக்கும்மா? அதான் என் சம்சாரத்துக்குப் பண்ணியாச்சே!"

பத்துப் பேரும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார்கள். "அப்போ நாங்களும் எங்க சம்சாரத்தையே அனுப்புறோம்யா."

பெஞ்சு காலியானது. சண்முகக்கனி முகாம் அறிக்கையை எடுத்து, 'ஆண்கள் முன்வராததற்குக் காரணம்' என்ற கட்டத்தில் எழுதி அவரிடம் நீட்டினாள்.

"நீங்க சொன்னதை ஒரு வார்த்தை மாத்தாம எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடுங்கய்யா, மேலிடத்துக்கு அனுப்பணும்."

அந்த அறிக்கையில் இன்றுவரை அவர் கையெழுத்துப் போடவில்லை. அவளுடைய மாற்றல் உத்தரவிலும்தான்.