நொச்சிநாட்டு ராஜாவுக்கு ஒரு வாய்

வெகு காலத்துக்கு முன்னால் நொச்சிநாடு என்றொரு நாட்டைக் கனகசேனன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை வரும், மாலையில் வேறோர் ஆசை வரும். பெரிய ஏரியின் கரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஆட்களை ஒருநாள் திடீரென்று கூப்பிட்டு, "கரை எங்கே ஓடிவிடப் போகிறது? முதலில் எனக்கொரு ஊஞ்சல் மண்டபம் கட்டுங்கள்" என்றார்.

மண்டபம் எழுந்தது. மழையும் வந்தது. கரையில் கை நுழையும் அகலத்துக்கு வெடிப்பு விட்டது. ஏரிக் காவலர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மகாராஜா, மூன்று நாளில் மதகைத் திறந்து தண்ணீரை விடாவிட்டால் கரையே உடைந்துவிடும். திறந்தால் தாழைக்குறிச்சிக்குள் தண்ணீர் புகும். ஊர்க்காரர்களை மேட்டுக்குப் போகச் சொல்ல வேண்டும்."

சொல்லப் போனவர் அவைப்புலவர் சிங்காரநாதர். அரண்மனை சார்பில் வாய் திறக்கும் உரிமை தமக்கு மட்டுமே என்று நினைப்பவர். ஊர் நடுவில் நின்று, "ஏரி என்னும் அன்னை தன் வெள்ளிக் கரங்களை நீட்டி உங்கள் இல்லம் தேடி எழுந்தருளப் போகிறாள்!" என்று முழங்கிவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் அமைச்சர் இளவெண்காடர் போய்ப் பார்த்தார். ஓர் ஆடுகூட ஊரைவிட்டு நகரவில்லை. வாசலெல்லாம் கோலம், மாவிலைத் தோரணம். அம்மனை வரவேற்க ஊரே குளித்து நின்றது.

ராஜா தலையில் கை வைத்தார். "இன்னும் இரண்டே நாள்! எனக்குச் சரியான வாய் ஒன்று வேண்டும்!"

"மக்களுக்குத் தமிழ் புரியாவிட்டால் நான் என்ன செய்ய?" என்றார் சிங்காரநாதர். "இன்னும் பெரிய முரசு கொடுங்கள். மறுபடி போகிறேன்."

அமைச்சர், "மருத்துவச்சி காத்தாயியை அனுப்பலாம் மன்னா" என்றார்.

"பிள்ளைப்பேறு பார்க்கிறவளையா? அவள் குரல் ஓட்டைப் பானை மாதிரி இருக்குமே!"

"உள்ளே ஒருத்தி வலியில் துடிக்க, வெளியே பத்துப் பேர் தவித்து நிற்பார்கள். கதவைத் திறந்து நாலே வார்த்தை சொல்வாள். அதற்கப்புறம் ஒருவரும் இன்னொரு தரம் கேட்டதில்லை."

காத்தாயி வந்தாள். நரைத்த தலை, முழங்கை வரை ஈரம். சிங்காரநாதருக்கு வயிறு எரிந்தது. ஒரு தந்திரம் செய்தார்.

"மன்னர் மன்னா, ஒரு சோதனை வைப்போம். தங்கள் திருமுகத்தைப் பார்த்து நாங்கள் இருவரும் ஆளுக்கொரு சேதி சொல்கிறோம். யார் சொன்னது பிடிக்கிறதோ, அவரே அரண்மனையின் வாய்!"

அவை முழுவதும் மூச்சைப் பிடித்தது. காரணம் இருந்தது. மூன்று நாளாக ராஜாவின் மீசை பச்சைப்பசேல் என்று இருந்தது! புதுச் சாயம் செய்த வேலை. ராஜாவின் வெண்கலக் கண்ணாடியில் நிறம் சரியாகத் தெரியாது. சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

சிங்காரநாதர் முந்திக்கொண்டார். "மரகத ஒளி வீசும் மாமன்னரின் மீசை!"

ராஜா பூரித்துப்போய் மீசையை முறுக்கினார்.

காத்தாயி கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். "மகராசா, உங்க மீசை பச்சையா இருக்கு. சாயம் கெட்டுப்போச்சு. புளிச்ச மோர் போட்டுத் தேய்ங்க."

அமைச்சர் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி ராஜா முன் நீட்டினார். ராஜா குனிந்து பார்த்தார். முகம் சிவந்தது, மீசை இன்னும் பச்சையாகத் தெரிந்தது.

"தேய்த்தால் போய்விடுமா?"

"முக்கால்வாசி போகும். மிச்சம் போகுமான்னு எனக்குத் தெரியாது."

பிறகு ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "மூன்று நாளாக எனக்கே ஒருவரும் சொல்லவில்லை! அந்த ஊருக்கு மட்டும் எப்படிச் சொல்லியிருப்பீர்கள்? காத்தாயி, உடனே புறப்படு!"

அவள் அசையவில்லை. "போறேன். ஆனா அங்க கேப்பாங்களே. மதகு எப்பத் திறப்பீங்க?"

"நாளை மறுநாள் விடியும்போது."

"வீடு விழுந்தா?"

"அரண்மனைக் காட்டு மரத்தில் கட்டித் தருகிறேன்."

"கரை ஏன் வெடிச்சுச்சுன்னு கேப்பாங்க."

ராஜா நெளிந்தார். "அதையும் சொல்லத்தான் வேண்டுமா?"

"அது அவங்களுக்கே தெரியும் மகராசா. முதல்ல நாம ஒத்துக்கிட்டாத்தான் மீதியக் காது கொடுத்துக் கேப்பாங்க."

ராஜா நீளமாக மூச்சு விட்டார். "சொல்."

தாழைக்குறிச்சியில் காத்தாயி முரசு கொட்டவில்லை. "நாளைக்கழிச்சு விடியக்கால மதகு தொறக்குறாங்க. ஊருக்குள்ள தண்ணி வரும். மாடு கன்னோட மேட்டுக்குப் போயிருங்க" என்றாள்.

"கரை யாரால போச்சு?" என்று ஒருவன் கத்தினான்.

"ராசாவால. ஊஞ்சல் மண்டபத்துக்கு ஆளை இழுத்துட்டாரு. தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. வீட்டுக்கு மரம் தருவாரு."

"என் நெல்லு வயல்?"

"அதப் பத்தி ராசாகிட்டக் கேக்கல. என் தப்பு. கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்றேன்."

கூட்டம் முணுமுணுத்தது, ஒருவன் அழுதான், ஒருத்தி ராஜாவைத் திட்டினாள். ஆனால் பொழுது சாய்வதற்குள் முதல் வண்டி மேடு ஏறியது. மறுநாள் காத்தாயி வயலுக்கும் பதில் கொண்டுவந்தாள்: அடுத்த விதைப்புக்கு நெல் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து வரும். மிச்சமிருந்த வண்டிகளும் ஏறின. மதகு திறந்தபோது பதினெட்டு வீடு இடிந்தது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

ராஜா அவளுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, "இனி நீயே என் வாய்" என்றார்.

"சரி மகராசா. ஆனா நீங்க முடிவு பண்றப்ப நானும் உள்ள இருக்கணும். முடிஞ்சப்புறம் கூப்பிட்டு மனப்பாடம் பண்ணச் சொன்னா வர மாட்டேன்."

"மந்திராலோசனையில் மருத்துவச்சியா?" என்று குதித்தார் சிங்காரநாதர். "அப்படியானால் எனக்கென்ன வேலை?"

"இருக்கிறதே புலவரே! பெரிய முரசு கேட்டீர்கள் அல்லவா?" என்றார் ராஜா. "அவள் பேசப்போகும் முன் நீங்கள் கொட்டுங்கள். மூன்று முறை. வாயை மட்டும் திறக்காமல்."

அவை சிரித்துக் குலுங்கியது. சிங்காரநாதர் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்தாயியின் பின்னால் நடந்தார். அன்றிலிருந்து நொச்சிநாட்டில் முரசுச் சத்தம் கேட்டால், வேலையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓடிவந்து காது கொடுத்தார்கள்.